பாக்கெட்டில் பியூஸ் கட்டை

மின்சார வேலையில் ஏணி ஏறுகிறவன் ஒருவன்தான். அவன் உயிரைக் கையில் வைத்திருப்பவர்கள், அந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேர்.

வயரைப் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கும் புரியும் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் பெயிண்டராக இருக்கலாம், கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் கழற்றுகிறவராக இருக்கலாம். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் ஆள் போனில் சிரித்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். உட்காருங்கள், வயிற்றெரிச்சலைக் கொட்டுகிறேன்.

எனக்கு மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் வீடு. இருபது வருஷத்துக்கு மேலாகச் சுற்றுவட்டாரத்தில் லைட்டு மாட்டுகிறேன், கழற்றுகிறேன். வேலை முறை ரொம்பச் சின்னது. மெயினை நிறுத்த வேண்டும். கரண்ட் போகிற வழியில் மாட்டியிருக்கும் பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் ஏற வேண்டும். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. இதைச் செய்ய விடாமல் என்னைச் சுற்றி இத்தனை பேர் பாடுபடுவார்கள் என்று தொழிலுக்கு வரும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்குப் புழுங்கியது

கடத்தூரில் ஒரு விவசாயி வீடு. மகளைக் கட்டிக்கொடுத்த முதல் ஆடி. மாப்பிள்ளை விருந்துக்கு வந்து, கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, உள்ரூமில் பேன் காற்றில் தூங்கிக்கொண்டிருந்தார். ஹாலில் டியூப் லைட்டு விட்டுவிட்டு எரிகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் நான் மெயின் கைப்பிடியை இறக்கிவிடுவதோடு சரி, பியூஸ் கட்டையைத் தொடுவதில்லை. இறக்கிவிட்டு, ஹாலில் இருந்த ஐந்து பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

பேன் நின்றதும் மாப்பிள்ளை எழுந்து வெளியே வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மெயின் பெட்டியைப் பார்த்து நடந்தார். ஏணி மேலிருந்த நான் சுவரைப் பார்த்து நின்றேன், எனக்குத் தெரியாது. மாமனார் பார்த்தார். மாமியார் பார்த்தார். மச்சான்கள் இரண்டு பேர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஆள் வழியை விட்டு ஒதுங்கிக்கூட நின்றார். மாப்பிள்ளை கைப்பிடியைத் தூக்கினார். என்னை யாரோ ஏணியிலிருந்து பிடுங்கி எறிந்த மாதிரி இருந்தது. கட்டில் மேல் விழுந்ததால் தலை தப்பித்தது. இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்குவதில்லை. டீ டம்ளரைப் பிடித்தால் அவை இரண்டும் எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீட்டிக்கொண்டு நிற்கும்.

மறுநாள் அந்த மாமனார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஐயா, அஞ்சு பேர் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே, வேணாம்னு ஒருத்தர் வாயைத் திறந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் பழத்தைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைகிட்ட எப்புடிங்க வேணாம்னு சொல்றது?"

ஏணிக்கு வந்த தீர்ப்பு

என் மனைவி செல்வி அழுகிற ரகம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, என் மூங்கில் ஏணியை ஒரு முறை சுற்றி வந்தாள். அரிவாளை எடுத்து அதன்மேல் சாய்த்து வைத்தாள். பிறகு எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, சத்தம் போடாமல் தீர்ப்பைச் சொன்னாள்.

அன்றிலிருந்துதான் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் பழக்கம். கட்டை என் பாக்கெட்டில் இருந்தால் மாப்பிள்ளை இல்லை, மந்திரியே வந்து கைப்பிடியைத் தூக்கினாலும் கரண்ட் வராது. எனக்குப் பயம் கரண்டைப் பார்த்து இல்லை. வேறு வேலை தெரியாதவன் நான். ஏணி போனால் நானும் போன மாதிரிதான். செல்வி சொன்னதைச் செய்கிறவள். அவள் சொன்னது இதுதான்:

"இன்னொரு வாட்டி கரண்ட் அடிச்சுதுன்னா, இந்த ஏணிய வெட்டி அடுப்புல வெச்சுட்டு, எங்கண்ணன் கடையில உங்கள அரிசி நிறுக்க உக்கார வெச்சுடுவேன்."

ஒத்தாசை

கட்டையைப் பாக்கெட்டில் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பொம்மிடியில் ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் அந்த நினைப்பையும் கெடுத்தார்.

அவர் வீட்டில் பூஜை ரூம் லைட்டு வேலை. வழக்கம்போலப் பிடுங்கினேன், பாக்கெட்டில் போட்டேன், டெஸ்டர் வைத்தேன், ஏறினேன். ஸ்க்ரூ ஒன்று கீழே விழுந்தது. நல்லவேளை, எடுக்க இறங்கினேன். குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போது, ஸ்க்ரூ எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஏன் இவ்வளவு வெளிச்சம் என்று நிமிர்ந்தால், பக்கத்து ரூமில் லைட்டு எரிகிறது. பாக்கெட்டைத் தடவினேன். கட்டை இருக்கிறது.

மெயின் பெட்டிக்கு ஓடினால், வாத்தியார் கையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். போன வருஷம் வாங்கி அலமாரியில் வைத்திருந்த புதுக் கட்டை ஒன்றை எடுத்து, கம்பி கட்டி, அழகாக மாட்டியிருக்கிறார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர்! "சார், நான் வேணும்னே எடுத்து வெச்சிருக்கேன்" என்று கத்தினேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"நீங்க மறந்தாப்பல பாக்கெட்டுல போட்டுட்டீங்கன்னு நெனச்சேன், ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான்."

கிரைண்டர் ரயிலேறிய கதை

என் பக்கம் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். மொரப்பூர் பக்கம் ஆரோக்கியம் என்பவர் வீட்டில் மறுநாள் பிள்ளை சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்து. முன்வாசலுக்குப் புது லைட்டு மாட்டச் சொன்னார்கள். மாட்டி, மெயின் போடுவதற்குள் அந்த வீட்டம்மா டீ கொடுத்தார். டீ குடித்தேன், பிள்ளைக்கு நல்லா இருக்கணும்னு வாழ்த்துச் சொன்னேன், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாமான் வாங்க சேலம் பாசஞ்சர் பிடிக்க வேண்டிய அவசரம்.

ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் போன். எடுக்கச் சட்டைப் பாக்கெட்டில் கை விட்டால், போனுக்குப் பதில் பீங்கான் கட்டை கையில் வருகிறது. பொம்மிடியில் குதித்து இறங்கி பிளாட்பாரத்தில் நின்றேன். ஆரோக்கியம் பைக்கில் வந்து சேர்ந்தார். வீட்டில் பாதி அரைத்த மாவு கிரைண்டரில் நிற்கிறதாம். விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் மெயின் பெட்டியைச் சுற்றி நின்று யோசனை சொல்கிறார்களாம். நான் மன்னிப்புக் கேட்டு, எதற்காகப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன் என்று என் விரல் இரண்டையும் காட்டி விளக்கினேன். மனுஷர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க உசுர நீங்க பாக்கெட்டுல வெச்சுக்கங்கண்ணா, எங்க வூட்டு கிரைண்டர எதுக்கு ரயிலேத்துனீங்க?"

நிறுத்தாமல் செய்கிறவர்

தர்மபுரியில் ஒரு துணிக்கடை. ஆடித் தள்ளுபடி, கூட்டம். நடு ஹாலில் தொங்கும் அலங்கார லைட்டு சாய்ந்துவிட்டது. மெயினை நிறுத்தணும் என்றேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏசி நிற்கும், பில் மெஷின் நிற்கும், கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விடும் என்று அடுக்கினார். பத்தே நிமிஷம் என்றேன். இதுவரை வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஒரு நாளும் எதையும் நிறுத்தச் சொன்னதில்லை, அவருக்குத் தொழில் அத்துபடி, நீ பயந்தாங்கொள்ளி என்கிற மாதிரிப் பேசினார். சுற்றி நின்ற விற்பனைப் பெண்கள் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவ்வளவு கெட்டிக்காரர் இருக்கும்போது என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? அவரையே கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன். மேனேஜர் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அவரு போன மாசம் தவறிட்டாருங்க, அதான் உங்களக் கூப்பிட்டோம்."

இரண்டாவது லைன்

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். பயத்தில் இல்லை, கோபத்தில்.

கடத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். வீட்டை ஒட்டி மாட்டுக் கொட்டகை. கொட்டகை பல்பு எரியவில்லை, வயர் எலி கடித்திருக்கிறது, மாற்ற வேண்டும். வீட்டுக்காரர் நடுத்தர வயது, வாய் நிறைய 'வாங்க வாங்க' என்று மரியாதை. வீட்டு மெயினை நிறுத்தினேன். கட்டை பாக்கெட்டுக்குப் போயிற்று. கேட்டேன்: "இந்தக் கொட்டகைக்கு வேற எங்கிருந்தாவது லைன் வருதுங்களா?" அவர், "இல்லவே இல்லீங்க" என்றார். இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை மாட்டின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார். டெஸ்டர் வைத்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஏறினேன்.

பழைய வயரைச் சுவரிலிருந்து பிரிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அப்போது வயல் பக்கம் கிணற்று மோட்டார் உறுமுகிற சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் மணிக்கணக்கு வைத்துத்தான் வரும். வந்துவிட்டது போல, பாவம், பயிருக்குத் தண்ணீர் பாயும் என்று நான் சந்தோஷம்கூடப் பட்டேன். கட்டிங் பிளேயரை எடுத்து வயரை வெட்டினேன். கண்ணெதிரே வெல்டிங் வைத்த மாதிரி ஒரு வெடி. மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளின. பிளேயரின் இரும்பு வாயில் மிளகு அளவுக்குப் பொத்தல். கைப்பிடியில் ரப்பர் இல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன்.

நடந்தது என்னவென்றால், கிணற்று மோட்டாருக்காகக் கொடுக்கிற இலவசக் கரண்டிலிருந்து திருட்டுத்தனமாக ஒரு வயரை மண்ணுக்கடியில் இழுத்து வந்து கொட்டகைக்குக் கொடுத்திருக்கிறார். த்ரீ பேஸ் இல்லாத நேரத்தில் அந்த வயர் செத்துக் கிடக்கும், வந்தால் உயிர் வந்துவிடும். நான் டெஸ்டர் வைத்தபோது செத்திருந்தது. வெட்டும்போது உயிரோடு இருந்தது. அது அவருக்குத் தெரியும். மோட்டார் ஓடுகிற சத்தம் அவர் காதிலும் விழுந்தது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார். மறைக்காமல் சொல்கிறேன், கீழே இறங்கி அவர் சட்டையைப் பிடித்தேன். "ரெண்டு தடவை கேட்டேனே ஐயா! என் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?" என்று கத்தினேன். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனால் சொன்னது இது:

"நெசத்தச் சொன்னா நீங்க ஈபி ஆபீசுல போய்ப் போட்டுக் குடுத்துட மாட்டீங்கன்னு எனக்கு எப்புடித் தெரியுங்க?"

மாமனார் வீடு

அந்தப் பிளேயர் விஷயத்தைச் செல்வியிடம் நான் சொல்லவில்லை. கரண்ட் அடித்தால்தானே ஏணிக்கு ஆபத்து? அடிக்கவில்லை, வெடித்தது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். பொத்தல் விழுந்த பிளேயரைப் பையின் அடியில் போட்டு, மேலே துணியைச் சுற்றி வைத்தேன்.

அடுத்த மாசம் பொம்மிடியில் மாரியம்மன் பண்டிகை. மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். காலை பத்து மணி. வாசல் லைட்டின் ஹோல்டர் உடைந்து தொங்கியது. நான் இருக்கும்போது வேறு ஆளைக் கூப்பிடுவார்களா? ஸ்டூலைப் போட்டேன். மெயின் பெட்டி சமையல்கட்டுக்குள் இருக்கிறது. உள்ளே மாமியார் மிக்ஸி போட்டுக்கொண்டிருந்தார், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, சொந்தக்காரர்கள் பேன் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். பண்டிகை நாளில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா? ரெண்டு நிமிஷ வேலை. வாசல் லைட்டுக்கு உண்டான சுவிட்சை மட்டும் நிறுத்தினேன். பையிலிருந்து டெஸ்டரை எடுக்கவும் சோம்பல். மாமனார் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏறி, உடைந்த ஹோல்டரின் ஸ்க்ரூவைத் திருகிக் கழற்றத் தொடங்கினேன். உள்ளே மிக்ஸி நின்றது. சட்னி அரைத்து முடித்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ரேடியோவும் நின்றது. அதைப் பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை.

இரண்டு வயரையும் வெறும் விரலால் பிடித்து முறுக்கி, புது ஹோல்டரை மாட்டி, பல்பைப் போட்டு, சுவிட்சைப் போடச் சொன்னேன். எரியவில்லை. எரிச்சலோடு உள்ளே போனால், மெயின் பெட்டி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் செல்வி பியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மிக்ஸியில் பாதித் தேங்காய் அரைபடாமல் கிடக்கிறது. "யாரைக் கேட்டுப் பிடுங்கினே?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவள் கட்டையை நீட்டினாள். வெடுக்கென்று வாங்கி மாட்டினேன். வாசலுக்கு வந்து, சுவிட்சை நிறுத்திவிட்டு, இந்த முறை டெஸ்டரை எடுத்து ஹோல்டரில் வைத்தேன். சுவிட்சு நிறுத்தியிருந்தும் டெஸ்டர் பளீரென்று எரிந்தது. சுவிட்சைத் தப்பான கம்பியில் கொடுத்திருக்கிறார்கள். நிறுத்தினால் லைட்டு அணையும், ஆனால் கரண்ட் ஹோல்டர் வரைக்கும் வந்து காத்துக்கொண்டு நிற்கும். நான் விரலால் பிடித்து முறுக்கியது அந்தக் கம்பியைத்தான்.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எந்த மடையன் இந்த வயரிங்கைப் போட்டான்?" என்றேன். செல்வி பக்கத்தில் வந்து நின்று, "கல்யாணமான புதுசுல நீங்க போட்டதுதாங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பிளேயர்ல பொத்தல அன்னைக்கே பாத்துட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன். இன்னைக்கு டெஸ்டர்கூட எடுக்காம ஏறுறதப் பாத்ததும் எனக்குப் பொறுக்கல" என்றாள். அழாத செல்விக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு வீட்டில் இருக்கும் ஏணி ஞாபகம் வந்தது. அவளே சொன்னாள்: "இன்னும் அடிக்கல. அதனால வெட்டல."

வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், பக்கத்தில் இன்னும் ஸ்டூலைப் பிடித்தபடி நின்ற மாமனார் மேல் பாய்ந்தேன். "ஏன் மாமா, பார்த்துக்கிட்டேதானே நின்னீங்க, மெயினை நிறுத்தாம ஏற வேணாம்னு நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைகிட்ட எப்புடிங்க வேணாம்னு சொல்றது?"

இத்தனை வருஷமாக ஊரில் ஒருத்தர் கையையும் நம்பாமல் பாக்கெட்டில் பியூஸ் கட்டையோடு அலைந்த நான் இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், எல்லாரையும்விட நம்பக் கூடாத கை என்னுடையதுதான் என்று ஒருத்தி எனக்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருந்ததால்தான்.